ஜன்னல் மாற்றும் முன் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

அப்பா தச்சர். மர ஜன்னல் செய்துதான் எங்களை வளர்த்தார். நான் பதினெட்டு ஆண்டுகளாகச் சென்னையிலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் யுபிவிசி, அலுமினிய ஜன்னல்கள் பொருத்தும் வேலையை மேற்பார்வை பார்க்கிறேன். பழையதைப் புகழ்கிறவர்களும் என்னிடம் வருகிறார்கள். அதைப் பெயர்த்து எறியத் துடிப்பவர்களும் வருகிறார்கள். ஒரே சந்தேகங்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. பழைய மர ஜன்னலில் அப்படி என்ன குறை கண்டீர்கள்? எங்கள் வீட்டில் அறுபது வருடமாக நன்றாகத்தானே இருக்கிறது?

பெரிய குறை ஒன்றுதான்: சரியாக மூடாது. மரம் ஈரத்தைக் குடித்தால் நாரின் குறுக்குவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஐப்பசி அடைமழையில் கதவு நிலையோடு இறுகிக்கொள்ளும். வீட்டுக்காரர் ஆள் அனுப்புவார், அப்பா இழைப்புளியை எடுத்துக்கொண்டு போய் விளிம்பைச் சீவிவிட்டு வருவார். அதே கதவு சித்திரையில் சுருங்கி, தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி காட்டும். தூசி, கொசு, சாரல், தெருச் சத்தம் எல்லாவற்றுக்கும் அந்த இடைவெளிதான் வாசல். கரையான், துருப்பிடித்த கீல் போன்றவை அதற்கு அடுத்த கதை.

ஆனால் திறப்பதில் அதை மிஞ்ச முடியாது. மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு கதவு வைத்த ஜன்னலை நினைத்துப் பாருங்கள். கீழ்க்கதவுகளைச் சாத்தி மேல்கதவுகளைத் திறந்துவிட்டால் உள்ளே படுத்திருப்பவர் தெருவில் போகிறவர் கண்ணில் படமாட்டார். காற்று மட்டும் வரும். நான்கையும் திறந்தால் நிலை அளவு முழுவதும் காற்று. புதிய ஜன்னல் மூடுவதில் பல படி ஏறியிருக்கிறது, திறப்பதில் சில படி இறங்கியும் இருக்கிறது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த வித்தியாசத்தில்தான் போய் நிற்கும்.

2. யுபிவிசி என்பது பிளாஸ்டிக்தானே? நம் ஊர் வெயிலில் உருகி வளைந்துவிடாதா?

பிளாஸ்டிக்தான். ஆனால் தோட்டத்துக் குழாயை வளையும்படி ஆக்கும் மென்மையூட்டி இதில் கிடையாது. அந்த 'யு' குறிப்பதே அதைத்தான். ஜெர்மனியில் 1950களில் தொடங்கிய தொழில் இது. சட்டத்துக்குள் பல அறைகள் இருக்கும். நடு அறையில் துத்தநாகம் பூசிய எஃகுப் பட்டை செருகியிருக்கும். மூலைகளைத் திருகாணியால் இணைக்காமல் சூடாக்கி ஒட்டியிருப்பார்கள். ஆகவே அங்கே நீர் கசிய வழியில்லை. இந்தப் பொருள் இளகத் தொடங்குவது ஏறத்தாழ 75 முதல் 80 டிகிரியில். வெள்ளைச் சட்டம் எந்தக் கத்திரியிலும் அந்தச் சூட்டை எட்டுவதில்லை. மேற்குச் சுவரில் அடர் பழுப்போ கறுப்போ வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களிடம் மட்டும் யோசிக்கச் சொல்வேன்.

உருகாது, நீளும். இரண்டு மீட்டர் சட்டம் 30 டிகிரி சூடு ஏறினால் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீள்கிறது. சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே அந்த இடத்தை விட்டு, நுரையும் சிலிக்கானும் வைத்து மூட வேண்டும். கொத்தனார் பழைய மர நிலைக்குச் செய்வதுபோல் சிமென்ட் கலவையை இறுக அடைத்துவிட்டால் சட்டம் நடுவில் பிதுங்கும், தாழ்ப்பாள் பொருந்தாது. வெயிலில் வளைந்துவிட்டது என்று எனக்குக் காட்டப்பட்ட ஜன்னல்களில் பெரும்பாலானவை இப்படிக் கெட்டவை. மலிவுச் சட்டம் சில வருடங்களில் மஞ்சளாவதற்குக் காரணம் வேறு: புற ஊதாக் கதிரைத் தாங்குவதற்காகச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடைக் குறைத்திருப்பார்கள்.

3. அப்படியானால் அலுமினியம் வேண்டவே வேண்டாமா, அண்ணா?

அப்படிச் சொல்லமாட்டேன். அலுமினியம் யுபிவிசியைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். கிழக்குப் பார்த்த அலுமினியச் சட்டத்தைக் காலை பத்து மணிக்குத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். ஏசி ஓடும் அறைக்கு இது நஷ்டம். ஏசியே இல்லாமல் நாள் முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும் வீட்டில் சட்டம் கடத்தும் வெப்பத்தைப் பற்றிக் கவலைப்படுவது வீண். எட்டடி, பத்தடி பால்கனிக் கதவு என்றால் அலுமினியம்தான் சரி. அது யுபிவிசியைவிட இருபது மடங்குக்கு மேல் விறைப்பானது. அந்த அகலத்தில் யுபிவிசி உள்ளே எஃகு இருந்தாலும் தொய்வு காட்டும்.

கடலோரத்தில் வீடு உள்ளவர்கள் சட்டத்தைவிடத் திருகாணியையும் கீலையும் கவனியுங்கள். சட்டம் இருபது வருடம் நிற்கும், இரண்டு ரூபாய்த் திருகாணி இரண்டு வருடத்தில் துருப்பிடித்து வெள்ளைச் சட்டத்தில் பழுப்புக் கோடு இழுத்துவிடும். 304 ரகத் துருவேறா எஃகு கேளுங்கள். அலைச் சத்தம் கேட்கும் தூரம் என்றால் 316.

4. கண்ணாடி கண்ணாடிதானே? அதில் என்ன புதுமை?

பழைய வீட்டு ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி தலையை மெல்ல அசைத்தால் எதிர்வீட்டுச் சுவர் நெளியும். உருகிய கண்ணாடியை மேல்நோக்கி இழுத்துத் தகடாக்கிய காலத்து வேலை அது. உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுச் சமதளமாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது. இப்போது நீங்கள் வாங்குவதெல்லாம் அந்த மிதவைக் கண்ணாடிதான். ஸ்ரீபெரும்புதூரிலேயே 2000ஆம் ஆண்டிலிருந்து உற்பத்தியாகிறது.

வீட்டுக்குப் பயன்படும் மாற்றங்கள் அந்தக் கண்ணாடியின் மேல் செய்பவை. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றால் குளிர்வித்தால் டஃபன்டு கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியைப்போல் நான்கைந்து மடங்கு வலு. உடைந்தால் கத்திபோலச் சில்லாகாமல் கற்கண்டுபோல உதிரும். இரண்டு தகடுகளுக்கு நடுவே பிவிபி என்னும் படலம் வைத்து ஒட்டினால் லேமினேட்டட். உடைந்தாலும் விழாமல் தொங்கிக்கொண்டிருக்கும். மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு இருந்தால் லோ-ஈ அல்லது வெயில் தடுப்புக் கண்ணாடி. இந்த மூன்று பெயர்களையும் பிரித்துத் தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைக் காட்டுவார்கள்.

5. இரட்டைக் கண்ணாடி போட்டால் வீடு குளுகுளுவென்று இருக்கும் என்கிறார்களே, உண்மையா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்குக்கு நான்கு அடி ஜன்னல் என்றால் ஒன்றரைச் சதுர மீட்டர். வெளியே 38 டிகிரி, உள்ளே ஏசியில் 26 டிகிரி. ஒற்றைக் கண்ணாடி வழியாக இந்த வெப்பநிலை வித்தியாசத்தால் மட்டும் உள்ளே வருவது ஏறத்தாழ 100 வாட். இரட்டைக் கண்ணாடி அதை 50 வாட்டாகக் குறைக்கும். நல்லதுதான். இப்போது அதே ஜன்னலில் மாலை வெயில் நேராக விழட்டும். சதுர மீட்டருக்கு 500 வாட் என்று வைத்துக்கொண்டால், பூச்சில்லாத ஒற்றைக் கண்ணாடி 600 வாட்டுக்கு மேல் உள்ளே விடும். பூச்சில்லாத இரட்டைக் கண்ணாடியும் 540 வாட் அளவுக்கு விடும். காசு கொடுத்து ஐம்பது வாட்டைத் தடுத்துவிட்டு ஐந்நூற்றுச் சொச்சத்தை வாசல் திறந்து வரவேற்கிற கதை இது.

இரட்டைக் கண்ணாடி குளிர்நாட்டுக்குப் பிறந்த பிள்ளை. அங்கே வெளியே பூஜ்யத்துக்குக் கீழே, உள்ளே 20 டிகிரி. வெயில் உள்ளே வந்தால் மகிழ்ச்சி. நமக்கு வெயில்தான் எதிரி. வெயில் தடுப்புப் பூச்சுள்ள கண்ணாடியானால் அதே ஜன்னலில் 200, 250 வாட்டுக்கு இறக்கிவிடலாம். எனவே "இரட்டைக் கண்ணாடியா?" என்று கேட்காதீர்கள், "வெயில் வெப்பத்தில் எத்தனை சதவீதத்தை உள்ளே விடும்?" என்று கேளுங்கள். அந்த எண்ணைச் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் இரட்டைக் கண்ணாடி வாங்க வேண்டாம்.

6. மேற்குப் பார்த்த படுக்கையறை, சார். நாலு மணிக்குமேல் அடுப்புக்குள் இருப்பதுபோல் இருக்கிறது. திரை போட்டும் குறையவில்லை.

திரை கண்ணாடிக்கு உள்ளே தொங்குகிறது. அது வரை வந்துவிட்ட வெயில் வீட்டுக்குள் வந்துவிட்ட வெயில்தான். தடுப்பது எதுவானாலும் கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். பாட்டி காலத்து மூங்கில் தட்டியும் வெட்டிவேர்த் தட்டியும் வெளித் தாழ்வாரத்தில் தொங்கியதற்குக் காரணம் இருக்கிறது.

சன்ஷேடை மட்டும் நம்பாதீர்கள். தெற்குச் சுவரில் அது நன்றாக வேலை செய்யும். சென்னையில் மார்கழி நண்பகலில்கூடச் சூரியன் 53 டிகிரி உயரத்தில் நிற்பதால் இரண்டடி சன்ஷேடு இரண்டே முக்கால் அடிக்கு நிழல் தரும். மேற்கில் கதை வேறு. சித்திரை மாதம் மாலை நான்கு மணிக்கு அதே சன்ஷேடின் நிழல் ஒன்றேகால் அடிதான். ஐந்து மணிக்கு எட்டு அங்குலம். அதற்குக் கீழே முழுக் கண்ணாடியும் வெயிலில் நிற்கும். மேற்கு ஜன்னலைச் சிறிதாக வையுங்கள், வெளியே தட்டியோ மரமோ இருக்கட்டும். இரண்டுக்கும் வழியில்லாத அடுக்குமாடி என்றால்தான் 5ஆம் பதிலில் சொன்ன பூச்சுக் கண்ணாடிக்குச் செலவழியுங்கள். வீட்டில் உள்ள எல்லா ஜன்னலுக்கும் அல்ல, மேற்கில் உள்ளதற்கு மட்டும்.

7. ஸ்லைடிங் நல்லதா, கீல் வைத்துத் திறப்பது நல்லதா?

'ஜன்னல்' போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல். நம் பழைய சொல் 'காலதர்'. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. அந்தப் பொருளை வைத்துத் தேர்ந்தெடுங்கள். இரண்டு கதவு ஸ்லைடிங்கில் எப்போதும் பாதி மூடியே இருக்கும். மூன்று டிராக்கில், அதாவது கதவு ஓடும் தடத்தில், மூன்று கதவு என்றால் மூன்றில் இரண்டு பங்கு திறக்கும். கீல் வைத்தது 90 சதவீதம் திறக்கும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018இல் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' விதிகள், வெப்பமும் ஈரமும் மிகுந்த சென்னை போன்ற ஊர்களில் வீட்டின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கும் பரப்பாக இருக்க வேண்டும் என்கின்றன. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. நீங்கள் போட நினைக்கும் நான்குக்கு நான்கு ஸ்லைடிங் தருவது எட்டு.

ஸ்லைடிங் விற்பதற்கு எளிது, கொசுவலை வைக்க எளிது, குறுகிய பால்கனியில் இடம் அடைக்காது. இந்தக் காரணங்கள் உண்மையானவை. ஆனால் படுக்கையறைக்கு நான் கீல்தான் சொல்வேன். திறக்கவும் அதுவே மேல். மூடும்போது ரப்பர் பட்டை அழுந்துவதால் மூடவும் அதுவே மேல். ஸ்லைடிங்கில் இருப்பது பிரஷ் பட்டை. அது நகர வேண்டியிருப்பதால் அழுந்தவே அழுந்தாது.

8. பஸ் போகும் சாலை மேலேயே வீடு. சத்தம் முழுவதும் நின்றுவிடுமா?

முழுவதும் நிற்காது. நான்கடி ஜன்னலைச் சுற்றி 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் அது ஜன்னல் பரப்பில் நூறில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு போதும். நீங்கள் எவ்வளவு தடித்த கண்ணாடி போட்டாலும் சத்தம் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. ஆகவே முதலில் இடைவெளி, பிறகு கண்ணாடி. ரப்பர் அழுந்தும் கீல் ஜன்னலில் லேமினேட்டட் கண்ணாடி போட்டால் ஹாரன் ஒலி நன்றாக மங்கும். லாரியின் உறுமல் கொஞ்சம் கேட்கும். பழைய ஜன்னலை அப்படியே வைத்து, அதற்கு உள்ளே நான்கு அங்குலம் தள்ளி இன்னொரு கண்ணாடி ஜன்னல் வைப்பது சத்தத்துக்கு மிக நல்ல வழி. சுவர்ப் பருமன் இடம் கொடுக்க வேண்டும்.

9. புயல் மழை என்றால் புது ஸ்லைடிங் ஜன்னல் வழியாக நீர் பொங்குகிறது. மர ஜன்னலே தேவலை போலிருக்கிறதே?

வர்தா புயல் அடித்த 2016 டிசம்பர் 12 முதல் எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. கீழ் டிராக்கில் விழும் மழைநீர் வெளியேற, சட்டத்தின் வெளிப்பக்கம் சிறு துளைகள் இருக்கும். அவற்றைப் பெயின்ட் அடிப்பவர் அடைத்திருப்பார், அல்லது கசிவை நிறுத்துகிறேன் என்று யாராவது சிலிக்கான் பூசியிருப்பார்கள். என் வீட்டிலேயே இது நடந்தது. பொருத்தியவர்கள் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஆனால் அன்று இரவு முழுவதும் நானும் என் மனைவியும் துண்டு பிழிந்துகொண்டிருந்தோம்.

துளை திறந்திருந்தாலும் ஓர் எல்லை உண்டு. 60 கிலோமீட்டர் வேகக் காற்று தள்ளும் அழுத்தத்தை மீறி வடிய டிராக்கில் 17 மில்லிமீட்டர் நீர் நிற்க வேண்டும். 120 கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். டிராக்கின் உள்விளிம்பு அதைவிடத் தாழ்வாக இருந்தால் நீர் அறைக்குள் வழியத்தான் செய்யும். மழை அடிக்கும் பக்கத்துக்கு உள்விளிம்பு உயர்ந்த டிராக்கோ கீல் ஜன்னலோ கேளுங்கள்.

10. கொசுவலை போட்டால் காற்று குறையுமா?

குறையும். வலைக்கண் சிறிதானால் இன்னும் குறையும். டெங்கு ஊரில் அதற்காக வலையை விட முடியாது. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் 7ஆம் பதிலில் திறக்கும் பரப்பைப் பற்றி அவ்வளவு பேசினேன். வலையைக் கழற்றிக் கழுவ முடிய வேண்டும். ஆறு மாதத் தூசி ஏறிய வலை பாதிச் சுவர்.

11. டஃபன்டு கண்ணாடி போட்டுவிட்டால் இரும்புக் கிரில் தேவையில்லையா?

டஃபன்டை உடைப்பது கடினம். ஆனால் உடைந்தால் ஒரே நொடியில் முழுவதும் உதிர்ந்து வழி திறந்துவிடும். திருடனைத் தாமதப்படுத்துவது லேமினேட்டட். தரைத்தளத்தில் கிரிலும் வேண்டும் என்பதே என் கட்சி. மாடியில் குழந்தை இருந்தால் அங்கேயும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: படுக்கையறைக்கு ஒரு ஜன்னலிலாவது கிரில் திறக்கும்படி இருக்கட்டும், சாவி கைக்கெட்டும் ஆணியில் தொங்கட்டும். தீ வாசல் பக்கம் பிடித்துவிட்டால் பற்றவைத்த கிரில் கூண்டாகிவிடும். பழைய கம்பி ஜன்னலுக்கும் இதே குறை இருந்தது. புதியதிலும் அதைத் தொடர வேண்டியதில்லை.

12. யாரும் தொடவேயில்லை, நடுராத்திரியில் பால்கனிக் கண்ணாடி வெடித்துச் சிதறியது. செய்வினையா என்று அத்தை கேட்கிறார்.

அத்தையிடம் நிக்கல் சல்ஃபைடு என்று சொல்லுங்கள். கண்ணாடி உருகும்போது மிகச் சிறிய துகளாக உள்ளே சிக்கிக்கொள்வது அது. சூட்டிலிருந்து சட்டென்று குளிர்விக்கும்போது சுருங்கிய வடிவத்திலேயே உறைந்துவிடும். பிறகு மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ மெல்ல விரியும். டஃபன்டு கண்ணாடியின் நடுவில் எப்போதும் இழுவிசை இருப்பதால் ஒரு துகள் போதும், முழுத் தகடும் போய்விடும். இப்படி நடப்பது அபூர்வம்தான். விளிம்பில் அடிபட்டுப் பிறகு உடைவதும் உண்டு. தொழிற்சாலையிலேயே 250 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் சூட்டில் வைத்து, உடைய வேண்டியவற்றை அங்கேயே உடையவிடும் சோதனை ஒன்று இருக்கிறது. உயரமான இடங்களுக்கு அதைக் கேட்டு வாங்குங்கள், அல்லது லேமினேட்டட் போடுங்கள்.

13. காலையில் கண்ணாடி வியர்த்திருக்கிறது. கசிகிறதா?

எந்தப் பக்கம் என்று பாருங்கள். வெளிப்பக்கம் என்றால் கசிவு இல்லை; ஏசி குளிர்வித்த கண்ணாடியில் நம் ஈரக்காற்று படிகிறது, பனிக்கட்டி போட்ட டம்ளர் வியர்ப்பதைப் போல. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஈரம் தெரிந்தால் ஒட்டுப்பட்டை போய்விட்டது. அதைத் துடைக்கவும் முடியாது, பழுது பார்க்கவும் முடியாது. அந்தக் கண்ணாடித் தொகுதியை மாற்ற வேண்டும். உத்தரவாதம் சட்டத்துக்கு மட்டுமா, இந்த ஒட்டுக்கும் உண்டா என்று வாங்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

14. புது ஜன்னல் போட்டதிலிருந்து அறையில் ஒருவித முடை நாற்றம். அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை. முன்பு இப்படி இல்லையே?

முன்பு உங்கள் ஜன்னல் மூடியிருந்தபோதும் மூச்சு விட்டது. 1ஆம் பதிலில் குறையாகச் சொன்ன அதே இடைவெளிதான். நிலைக்கு மேலே, கூரையை ஒட்டி ஒரு வென்டிலேட்டரும் இருந்திருக்கும். சூடான காற்றும் ஈரமும் அது வழியாகப் போயின. புது வீட்டில் அதை அடைத்துவிட்டு ஏசி மாட்டுகிறோம், துணியையும் உள்ளேயே உலர்த்துகிறோம். காலையிலும் இரவிலும் அரை மணி நேரம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். வென்டிலேட்டரை அடைக்காதீர்கள்.

குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் இது நாற்றத்தோடு முடிகிற விஷயம் இல்லை. இறுக மூடிய குளியலறையில் அது விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உயிரை எடுத்துவிடும். குளியலறை ஜன்னலில் உள்ள கண்ணாடிப் பட்டைகளைக் கழற்றிவிட்டு மூடிய யுபிவிசி கேட்பவர்களிடம், கீசரை வெளியே மாற்றினால்தான் வேலையைத் தொடங்குவேன் என்று சொல்லிவிடுகிறேன்.

15. தாத்தா வைத்த பர்மா தேக்கு ஜன்னல் எட்டு இருக்கிறது. பெயர்த்துவிட்டு யுபிவிசி போட என்ன ஆகும், தம்பி?

பெயர்க்காதீர்கள். பழைய மரக்கடைக்காரர் இடிப்பவரிடம் ஏன் முன்கூட்டியே பேசி வைக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். நிலை நேராக இருக்கிறதா, அடிக்கட்டை உளுத்திருக்கிறதா என்று கத்தி முனையால் குத்திப் பாருங்கள். நன்றாக இருந்தால் நிலையின் உள்விளிம்பில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து ரப்பர் பட்டை பதிக்கலாம், பலகைக்குப் பதில் லேமினேட்டட் கண்ணாடி மாட்டலாம், உள்பக்கம் கொசுவலைக் கதவு சேர்க்கலாம். கதவின் மேல், கீழ் விளிம்புகளுக்கும் கட்டாயம் பெயின்ட் அடியுங்கள். மரம் நார் முனை வழியாகத்தான் ஈரத்தை வேகமாகக் குடிக்கும். பெயின்டர்கள் கண்ணுக்குத் தெரியாத அந்த விளிம்பைத்தான் விட்டுவிடுவார்கள். அடிக்கட்டை உளுத்த மலிவு மர ஜன்னல் என்றால் தயங்காமல் மாற்றுங்கள்.

16. வேலை முடிந்துவிட்டது, மீதிப் பணம் கேட்கிறார்கள். கொடுப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ். 2553 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடிக்கு அது அடையாளம். பிறகு செய்தித்தாளில் ஒரு பட்டை கிழித்து, கீல் ஜன்னலின் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்து மூடி இழுங்கள். எளிதாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை. நான்கு பக்கமும் இப்படிச் செய்யுங்கள், கீல் பக்கத்தை விடாதீர்கள்.

ஸ்லைடிங் என்றால் ஒரு குவளை நீரை டிராக்கில் ஊற்றிவிட்டு வெளியே போய் நில்லுங்கள். துளைகளிலிருந்து சீராக வடிந்தால் பணத்தைக் கொடுங்கள். சுவர் நனைந்தாலோ நீர் உள்ளேயே நின்றாலோ, அவர்களும் வெளியே வந்து அதைப் பார்க்கட்டும்.